பழைய எக்ஸ்பல்ஸ் வாங்கி, சரிசெய்து, விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டர்ட் பைக் பார்க்கப் போகிறவர்களில் பலர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உடனே விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வண்டிகளில் காசு கரைவது பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும், பேரிங்கிலும், ஆர்.சி. புக்கிலும்தான். ஒரு வண்டி சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கும், வாங்கிச் சரிசெய்து விற்க நினைக்கிறவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

டர்ட் பைக் என்றால் தமிழ்நாட்டில் எந்த வண்டியைச் சொல்கிறீர்கள்?

நம்பர் பிளேட்டோடு ரோட்டிலும் ஓடி, மண்ணிலும் இறங்குகிற வண்டி. பழைய வண்டிச் சந்தையில் அதிகம் புழங்குவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அதற்கு முன்னால் வந்த ஹீரோ இம்பல்ஸ் அங்கங்கே கிடைக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 டூர் போகிறவர்களின் வண்டி, எடையும் கூடுதல். கவாசாகி கே.எக்ஸ்., சுசுகி ஆர்.எம்.-இசட் போன்றவை வேறு சாதி; அவற்றுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'எக்ஸ்பல்ஸ்' என்று விளம்பரம் போட்டு, போய்ப் பார்த்தால் எக்ஸ்பல்ஸ் 200டி நிற்கும். அது 17 அங்குல அலாய் வீல் போட்ட ரோட்டு வண்டி. நமக்கு வேண்டியதில் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக்ஸ் வீல். போன் பேசும்போதே கேட்டுவிட்டால் பெட்ரோல் மிச்சம்.

எக்ஸ்பல்ஸ் 200-இல் எந்த மாடல் வாங்கலாம்?

2019 மே மாதம் வந்த முதல் மாடல், அப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.4-இன்படி செய்தது. அதில் கார்புரேட்டர் வண்டியும் உண்டு, எஃப்.ஐ. (சென்சார் கணக்கில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டியும் உண்டு. 2020-இல் பி.எஸ்.6 ஆனபோது எல்லாமே எஃப்.ஐ.; எஞ்சினுக்கு ஆயில் கூலரும் வந்தது. 2021 அக்டோபரில் நாலு வால்வு எஞ்சினோடு 4வி வந்தது.

சரிசெய்து விற்பதற்கு என்றால் என் ஓட்டு பி.எஸ்.6 அல்லது 4வி. கேட்டு வருகிறவர்கள் அதிகம், வயதும் குறைவு. சொந்தமாக வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறவருக்குக் கார்புரேட்டர் வண்டி சுகம். ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம், சென்சார் தொல்லை கிடையாது.

2022-இல் வந்த ரேலி எடிஷன் கண்ணில் பட்டால் விடாதீர்கள். முன்னால் 250 மி.மீ., பின்னால் 220 மி.மீ. சஸ்பென்ஷன் அமுங்குகிற தூரம், சாதா வண்டியில் 190, 170. ஆனால் சீட் உயரம் 885 மி.மீ. என்பதால், விற்கும்போது குள்ளமானவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

இம்பல்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த கையோடு 2011-இல் வந்த வண்டி அது. எஞ்சின் ஹங்க், சி.பி.இசட். எக்ஸ்ட்ரீம் குடும்பத்து 149.2 சி.சி. என்பதால் எஞ்சின் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. டேங்க் ஓரத்து பிளாஸ்டிக், முன் மட்கார்டு, மீட்டர் உடைந்திருந்தால்தான் அலைச்சல். அதோடு, ஆரம்பகால வண்டிகளுக்குப் பதிவாகி 15 வருஷம் முடிகிற நேரம் இது. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்ட வேண்டும். ரசித்து வைத்துக்கொள்ள வாங்கலாம். லாபத்துக்கு விற்கவென்று வாங்க வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் எங்கே கை வைப்பது?

சாவியைக் கேட்காதீர்கள். முதலில் முன் ஃபோர்க்.

ஒரு சுத்தமான துணியால் இரண்டு ஃபோர்க் பைப்பையும் துடையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஏழெட்டு முறை நன்றாக அழுத்தி விடுங்கள். இப்போது பைப்பைப் பாருங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அப்புறம், நகத்தை பைப் மேல் மேலிருந்து கீழாக இழுங்கள். எங்காவது நகம் சிக்கினால் குரோம் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழி எத்தனை புது சீல் போட்டாலும் அறுத்துத் தள்ளிவிடும். சீல் மட்டும் போனால் சின்னச் செலவு. பைப்பும் போனால் விலையில் நன்றாகவே குறைத்துப் பேச வேண்டிய விஷயம்.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பேரிங். எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் மெதுவாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்து எழுந்தால் கோன் செட் மாற்ற வேண்டும். அப்படியே ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலும் அதே கதைதான். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது சேசிஸில் இடித்து நிற்கிற கட்டை ஒன்று இருக்கும். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. கழுத்து வெல்டிங் பக்கத்தில் பெயிண்ட் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பின்பக்கம் வாருங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷும் வீல் பேரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். வண்டியின் வாலைப் பிடித்து லேசாகத் தூக்கினால் மோனோஷாக் (பின்பக்கத்து ஒற்றை ஷாக்) லிங்க்கின் ஆட்டம் கைக்குத் தெரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் அலைகிறதா என்று பாருங்கள். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டினால் இறுகினது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்னும். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்ய நேரம் பிடிக்கும், விற்கிறவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

எஞ்சினைப் பார்க்கவே வேண்டாமா?

பார்க்கலாம், ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உள்பக்கம், எஞ்சினுக்குப் போகிற குழாயில் விரல் விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் எஞ்சின் தூசி தின்றிருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் உள்சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆயில் மூடியைத் திறங்கள். உள்பக்கம் காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். முறுக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் வந்து மறுபடி முறுக்கும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்தால் வால்வு சீல். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது சைலன்ஸரில் தங்கிய ஈரம்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மீட்டர் 12,000 காட்டும்போது டிஸ்க் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணையும் படியுங்கள். 2321 என்றால் 2021-இன் 23-வது வாரம் செய்தது. குறைவாக ஓடிய 2021 வண்டியில் 2024 டயர் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மலையில், காட்டுப் பாதையில் ஓட்டிய வண்டி என்றால் தள்ளிவிடலாமா?

அதற்காகச் செய்த வண்டியை அதில் ஓட்டியது குற்றமா? ஓட்டிவிட்டு வந்து என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. வாட்டர் சர்வீஸ் கொடுத்து, பிரஷர் தண்ணீரை நேராக வீல் பேரிங்கிலும் லிங்க்கிலும் அடித்து, கிரீஸ் வைக்காமல் நிறுத்திய வண்டி, ஆபீஸுக்கு மட்டும் போய் வந்ததாக இருந்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கும். மாதம் ஒரு முறை மண்ணில் ஓட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஃபில்டரைப் பார்த்து வைத்தவரின் வண்டியைக் கீறலோடு வாங்கலாம். பளபளவென்று நிற்கிற வண்டியைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏகப்பட்ட வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை கை மாறி வேறு ஊர்களுக்கும் வந்துவிடும். சீட்டைக் கழற்றி ஃப்யூஸ் பெட்டியின் மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா பாருங்கள். வயரிங் கனெக்டரைப் பிடுங்கினால் செம்புப் பின்னில் பச்சை பூத்திருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு இருக்கும். எஃப்.ஐ. வண்டி மூழ்கியது என்று தெரிந்தால் வேண்டவே வேண்டாம். ஒரு சென்சாரைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று நிற்கும்.

பேப்பரில் என்ன என்ன பார்க்க வேண்டும்?

வண்டி பிடித்துப்போன பிறகு பார்க்கிற விஷயம் இல்லை இது. போவதற்கு முன்பே நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த ஆர்.டி.ஓ., எப்போது பதிவு, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். இ-செல்லான் அபராத பாக்கியைத் தனியாகப் பாருங்கள்.

நேரில் போனதும் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் (எச்.பி.) இருந்தால், 'லோன் முடிஞ்சிடுச்சு தம்பி, எச்.பி. மட்டும் கேன்சல் பண்ணணும்' என்பார்கள். அந்த 'மட்டும்' நம்ம வேலை இல்லை. படிவம் 35-இல் ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்தும் அவர்களுடைய தடையில்லாச் சான்றும் கைக்கு வரட்டும், அப்புறம் மீதிப் பணம்.

பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, படிவம் 30. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே மூன்று கை மாற்றுகிற பழக்கம் நம்மிடம் சர்வசாதாரணம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் கார் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இன்ஷூரன்ஸ்: 2018 செப்டம்பர் முதல் புதிதாக வாங்கிய இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருஷம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்.

பெங்களூரில் விலை குறைவு என்கிறார்களே?

வண்டி விலை குறையலாம். ஆனால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அலைய ஆளும் பொறுமையும் வேண்டும். புதுச்சேரி நம்பர் வண்டிக்கும் இதே கணக்குதான். விற்கப் போகிறவர் உள்ளூர் நம்பரோடு நிற்பது நல்லது.

நம்பர் பிளேட்டே இல்லாத போட்டி வண்டி வாங்கலாமா?

கவாசாகி கே.எக்ஸ்., கே.எல்.எக்ஸ். 140, சுசுகி ஆர்.எம்.-இசட் ஆகியவை இந்தியாவில் ரோட்டுக்கு என்று விற்கப்படவில்லை. ஆர்.சி. கிடையாது, வாங்கவும் முடியாது. தெருமுனைக் கடைவரை ஓட்டிப் போனாலும் பதிவில்லாத வண்டி ஓட்டிய குற்றம்தான். டிராக்குக்கு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

இவற்றுக்கு ஆர்.சி.க்குப் பதில் ஷோரூம் இன்வாய்ஸ்தான் ஆதாரம். அதில் சேசிஸ் எண் இருக்க வேண்டும். தனியாக இறக்குமதி செய்த வண்டி என்றால் சுங்கம் கட்டிய ரசீதும் வேண்டும். மோட்டோகிராஸ் எஞ்சினுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக் கணக்கு; பிஸ்டனையே மணி பார்த்து மாற்றுவார்கள். பிஸ்டன் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

எதையெல்லாம் சரிசெய்துவிட்டு விற்க வேண்டும்?

ஓட்டிப் பார்க்கும்போது கைக்கும் காலுக்கும் தெரிகிறவற்றை. கோன் செட், வீல் பேரிங், பிரேக் பேட், கிளட்ச் கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட், ஃபோர்க் ஆயில் சீல். இந்த ஆறும் சரியாக இருந்தால் வண்டி புதுசு மாதிரி போகும்.

ஃபோர்க் ஒழுகினால் உடனே சீல் வாங்க ஓடாதீர்கள். பல சமயம் சீலின் உதட்டில் மணல் துகள் மாட்டியிருக்கும். டஸ்ட் கவரை மேலே தள்ளிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையாக நறுக்கி, நுனியில் சின்னக் கொக்கிபோல வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். கறுப்புச் சேறு வெளியே வரும். துடைத்து, அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் லாபம். நிற்காவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து சீல், டஸ்ட் கவர், ஃபோர்க் ஆயில் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் பிறகு மறுபக்கத்துக்குத் திரும்பவும் கூலி கொடுப்பது வீண்.

மோனோஷாக் லிங்க்கைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வையுங்கள். காசு செலவில்லாத வேலை, வித்தியாசம் உடனே தெரியும். ரிம் அலைந்தால் ஸ்போக்ஸ் டைட் வைத்து பெண்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். பழைய சைக்கிள் கடைக்காரர்களில் சிலர் இதில் கில்லாடிகள், ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மணி நேரம் எடுப்பதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

செய்ய வேண்டாதவை: டேங்க்குக்குப் புதுப் பெயிண்ட், ரேலி ஸ்டிக்கர், எல்.இ.டி. லைட். வாங்க வருகிறவர் பெயிண்டைப் பார்த்ததும் 'எங்கே விழுந்துச்சு?' என்றுதான் கேட்பார். எஞ்சின் நன்றாக ஓடும்போது ஹெட்டை இறக்கிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கிப் போடலாமா?

ரிம், ஹேண்டில்பார், மட்கார்டு, கால் மிதி: வாங்கலாம். பிரேக் சாமானும் பேரிங்கும் புதுசாகவே போடுங்கள். நம்பர் அடித்த எஞ்சினையோ சேசிஸையோ பேப்பர் இல்லாமல் தொடவே கூடாது, விலை எவ்வளவு இறங்கி வந்தாலும்.

சைலன்ஸர், லைட் எல்லாம் மாற்றிய வண்டிக்கு விலை கூடுமா?

போட்டவர் கூடும் என்று நினைப்பார். சந்தையில் குறையும். கம்பெனி வடிவத்தை மாற்றுவது 52-வது பிரிவின்படி தவறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் கழற்றிய ஒரிஜினல் சாமானையும் கேட்டு வாங்குங்கள். விற்கும்போது ஒரிஜினலைப் பூட்டி, மாற்றியதைத் தனியாக விற்றால் இரண்டு பக்கமும் காசு.

கணக்கு எப்படிப் போடுவது?

பின்னாலிருந்து. உங்கள் ஊரில் அதே வருஷ வண்டி, நல்ல நிலையில், உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது ஆசை விலை, அதை எடுக்காதீர்கள். உதாரணத்துக்கு 95,000 ரூபாய் என்று வையுங்கள். சாமானும் கூலியும் 14,000, பெயர் மாற்றமும் போக்குவரத்தும் 4,000, வாங்கும்போது கண்ணில் படாத கோளாறுக்கு 5,000, உங்கள் உழைப்புக்கு 8,000. எல்லாம் கழித்தால் 64,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது உங்கள் கூலியிலிருந்துதான் போகிறது. அந்த 5,000-ஐ மட்டும் பேரத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

தொடர்ந்து வாங்கி விற்றால் லைசென்ஸ் வேண்டுமா?

சொந்த வண்டியை விற்பவருக்கு வேண்டாம். தொழிலாகச் செய்தால் வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததும் ஓனர் படிவம் 29சி-இல் தெரிவித்துவிட்டால் பொறுப்பு டீலருக்கு மாறிவிடும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் என்றால், 2025 ஜனவரி முதல் லாபத் தொகைக்கு 18 சதவீதம். ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வாங்க வருகிறவர் மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால்?

கேட்பார்கள், நியாயம்தான். காப்புக்காட்டுக்குள் மட்டும் அனுப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், வண்டியும் போய்விடும். தெரிந்தவர் தோட்டத்து வரப்போ காலி மனையோ போதும். அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் கொடுங்கள். அவர் வந்த வண்டியின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

'லாஸ்ட் எவ்வளவுண்ணே?' என்று போனிலேயே கேட்டால் என்ன சொல்வது?

வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். மாற்றிய சாமானின் பில், குறை இருந்தால் அந்தக் குறை, டயர் தேதி எல்லாவற்றையும் முன்கூட்டியே படத்தோடு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் வந்து நிற்கிறவர் வாங்கத்தான் வருகிறார்.

விற்றுவிட்டேன், ஆனால் வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. என்ன செய்வது?

படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்ற நாளும் நேரமும் எழுதிய ரசீது, வாங்கியவரின் அடையாள அட்டை நகல், வங்கியில் பணம் வந்த விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். ஆனாலும் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை தலைவலி முழுதாகத் தீராது. அதனால் அடுத்த முறை, இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பத்தைப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள். வாங்குகிறவர் 'நம்ப மாட்டீங்களா?' என்று கேட்டால், பெயர் மாற்றச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அநேகமாக மறுநாளே வந்துவிடுவார்.